மரப் பெட்டியில் ஆம்ப்ளிஃபயர் செய்யும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன கோடை முழுக்க எனக்கு ஹம்மிங்கைத் துரத்துவதே வேலையாகப் போனது. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஹாலுக்காக ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை அசெம்பிள் செய்தேன். இரும்புப் பெட்டி வேண்டாம், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தேக்கு மரத்தில் பெட்டி. பாட்டு நன்றாகத்தான் வந்தது. ஆனால் பாட்டுக்கு அடியிலும், பாட்டு நின்ற பிறகும், ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல், அதாவது ஹம்மிங், விடாமல் வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்காக மட்டும் ஏறக்குறைய 7,000 ரூபாய் செலவழித்தேன். கடைசியில் அதைத் தீர்த்த சாமான்களின் மொத்த விலை 500 ரூபாயைத் தாண்டாது. இந்த வழியில் எனக்கு முன்னால் போன யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பணமும் மிஞ்சியிருக்கும், வீட்டில் வாங்கிய பேச்சும் மிஞ்சியிருக்கும்.

செட் ஒன்றும் புதுமையானது இல்லை. நம் பக்கத்தில் எல்லோரும் போடுகிற 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி உள்ள ஸ்டீரியோ போர்டு, 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் (நடு ஒயருக்கு இரு பக்கமும் 24 வோல்ட்) 5 ஆம்பியர், ஒரு பாஸ் ட்ரெபிள் போர்டு, முன்பக்கம் ஒரு யூஎஸ்பி புளூடூத் கிட். பெட்டிக்கான மரம் இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்குச் சட்டம். விருதம்பட்டில் ஒரு ஆச்சாரி அதை இழைத்து, மூலையெல்லாம் காடி வெட்டிச் சேர்த்து, பாலீஷ் போட்டுக் கொடுத்தார். கூலி மட்டும் 2,500. வேலை சுத்தம். ஆன் செய்த அன்று மாலை என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க, உள்ளே வண்டு ஏதாவது மாட்டிக்கிச்சா?” என்றாள். அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. விருந்தாளி யாராவது வந்தால் செட்டை ஆன் செய்யாமலேயே பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்புறம் ஆரம்பித்தது வாங்கும் படலம். ஒரு கடையில் டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் பற்றவில்லை, 4700-ஐ எடுத்துவிட்டு 10000 மைக்ரோஃபாரட் போடுங்கள் என்றார்கள். போட்டேன், நல்ல கம்பெனி சரக்காகவே. இரைச்சல் அப்படியே இருந்தது. இன்னொரு இடத்தில் பாஸ் ட்ரெபிள் போர்டுதான் மட்டம் என்றார்கள். அதையும் மாற்றினேன். சாதா டிரான்ஸ்ஃபார்மர்தான் காரணம், வளைய வடிவ டோராய்டு டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் சத்தமே வராது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். காட்பாடியில் ரயில் ஏறி, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், 3,200 ரூபாய் கொடுத்து டோராய்டு வாங்கி, அந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். அன்று ராத்திரியே மாட்டி ஆன் செய்தபோது இரைச்சல் கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அவர்கள் சொன்ன சாமான் எதுவும் கெட்ட சாமான் இல்லை. எந்த நோய் என்று பார்க்காமல் எல்லோரும் மருந்து எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

இதில் ஒரு யோசனை மட்டும் ஆபத்தானது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கடையில் நான் பிரச்சினையைச் சொன்னதுமே வேலை செய்யும் ஒருவர், “இது எர்த் லூப் சார்” என்று சொல்லி, த்ரீ பின் ப்ளக்கைக் கழற்றி, எர்த்துக்கான பச்சை ஒயரை அங்கேயே வெட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து போட்டால் நிஜமாகவே சத்தம் பாதி குறைந்தது! சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. பின்பக்கம் டிரான்சிஸ்டரின் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க்கில் கை பட்டதும் சுருக்கென்று இழுத்தது. மல்டிமீட்டரில் பார்த்தால் ஹீட் சிங்க்குக்கும் சுவர் எர்த்துக்கும் நடுவே 90 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இதற்குக் காரணம் டிவி பக்கத்தில் இருக்கும் டிடிஎச் பெட்டியின் இரண்டு பின் அடாப்டர். இப்படிப்பட்ட அடாப்டர்களுக்குள் சத்தம் வடிகட்ட ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். அதன் வழியே மெலிதான மின்சாரம் கசிந்து, ஆடியோ ஒயரின் கிரவுண்ட், அதாவது சிக்னல் திரும்பிப் போகும் ஒயர், வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் வந்துவிடும். எர்த் இருந்தால் அதன் வழியே போய்விடும். வெட்டிவிட்டால் போக வழியில்லாமல் தொடுகிறவர் கைக்கு வருகிறது. அந்தச் சுருக் ஆளைக் கொல்லாது. ஆனால் என்றைக்காவது டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி, அதாவது வீட்டுக் கரண்ட் நுழையும் சுற்றின், காப்பு பழுதானால் அதே ஹீட் சிங்க்கில் 230 வோல்ட் முழுசாக நிற்கும், ஃபியூஸும் போகாது. மரப் பெட்டிதானே, மரத்தில் ஷாக் அடிக்காதே என்று நினைக்க வேண்டாம். குமிழின் ஸ்க்ரூ, ஹீட் சிங்க், ஆடியோ ஒயர் செருகும் ஆர்சிஏ சாக்கெட் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. பச்சை ஒயரை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள், வெட்டச் சொல்கிறவரிடம் திரும்பவும் போகாதீர்கள்.

விஷயம் பிடிபட்டது ஒரு பழைய கம்ப்யூட்டர் கேபினட்டால். பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் பிரித்து, டெஸ்ட் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று அந்தக் காலி கேபினட்டுக்குள் மாட்டினேன். அதே போர்டு, அதே டிரான்ஸ்ஃபார்மர், அதே ஒயர். ஆன் செய்தால் ஹம்மிங் முக்கால்வாசி காணோம். ஒரு சாமானும் மாற்றவில்லையே! உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது, கிட்டோடு வருகிற வயரிங் படமெல்லாம் இரும்புச் சேஸிஸை மனதில் வைத்து வரைந்தது. இரும்புப் பெட்டி நமக்குத் தெரியாமலேயே பல வேலைகள் செய்கிறது. வால்யூம் கன்ட்ரோலை நட்டுப் போட்டு இறுக்கினாலே அதன் உடம்பு கிரவுண்டாகிவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் ஹீட் சிங்க்கும் போல்ட் வழியாகவே எர்த்தாகிவிடுகின்றன. வெளியிலிருந்து வரும் மின்புலத்தைப் பெட்டியின் சுவர் தடுத்துவிடுகிறது. மரத்தில் இவற்றில் ஒன்றுகூட நடக்காது. படத்தில் அந்த ஒயர்கள் வரையப்படவில்லை, ஏனென்றால் இரும்புப் பெட்டிக்கு அவை தேவையில்லை. ஆகவே பெட்டி செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து நாமே ஒயராலும் தகரத்தாலும் செய்ய வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் இரைச்சல் எங்கே நுழைகிறது என்று பார்த்துவிடுங்கள், காசு செலவில்லாத வேலை. ஒரு ஆர்சிஏ ப்ளக்கை எடுத்து நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஈயம் வைத்துச் சேர்த்துவிட்டால் ஷார்ட் ப்ளக் தயார். இடது வலது இரண்டு இன்புட்டிலும் அதைச் செருகுங்கள். ஹம்மிங் போய்விட்டால் குற்றம் வெளியே, அதாவது டிவி, டிடிஎச், அந்த ஒயர் பக்கம். போகவில்லை என்றால் பெட்டிக்குள்ளேதான். அடுத்து வால்யூமைத் திருகுங்கள். திருகத் திருகச் சத்தம் கூடினால் வால்யூமுக்கு முன்னால் உள்ள இடத்தில் நுழைகிறது. கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால் வால்யூமுக்குப் பின்னால், பவர் போர்டு அல்லது அதன் கிரவுண்ட். குமிழைக் கழற்றிவிட்டு வெறும் தண்டை விரலால் தொடும்போது சத்தம் மாறினால் கன்ட்ரோலின் உடம்பு கிரவுண்டாகவில்லை. எனக்கு இது பளிச்சென்று மாறியது. காதையும் கொஞ்சம் பழக்கிக்கொள்ளலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வழவழவென்று ‘ம்ம்ம்’ என்று வந்தால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ எர்த் லூப்போ காரணம். ‘பர்ர்ர்’ என்று கரகரப்பாக வந்தால் 100 ஹெர்ட்ஸ், ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள சமாச்சாரம். இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் ஒரு சாயங்காலம் போதும். டோராய்டு வாங்கப் போவதற்கு முன் இதை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!

எனக்கு இரண்டு சத்தமும் கலந்து வந்தது. ‘பர்ர்ர்’ வந்த இடம் கிரவுண்ட் ஒயரிங். 24 வோல்ட் ஏசியைப் பிரிட்ஜில் விட்டால் ஏறக்குறைய 34 வோல்ட் டிசி கிடைக்கும். ஆனால் ஃபில்டர் கெபாசிட்டர் மின்சாரத்தைச் சீராக வாங்குவதில்லை. விநாடிக்கு 100 தடவை, உச்சம் வரும் நேரத்தில் மட்டும் பெரிய பெரிய வாயாக விழுங்குகிறது. அந்த ஓட்டம் போகும் ஒயரிலேயே பாஸ் ட்ரெபிள் போர்டின் கிரவுண்டையும் கோத்துவிட்டால், ஒயரில் உண்டாகும் சின்ன வோல்டேஜ் பாட்டோடு சேர்ந்து ஸ்பீக்கருக்குப் போய்விடும். கிட்டில் உள்ளபடி ஒரே ஒயர் போர்டிலிருந்து போர்டுக்குத் தாவிப் போயிருந்தது. இதற்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயர் நேராக இரண்டு கெபாசிட்டரும் சேரும் இடத்துக்குப் போகட்டும், தடித்த ஒயரில். அங்கிருந்து ஒரே ஒரு தடித்த ஒயர், தனியாக நிற்கும் ஒரு பித்தளை போல்ட்டுக்கு. மற்ற எல்லாக் கிரவுண்டும், ஸ்பீக்கர் திரும்பும் ஒயர், பவர் போர்டு, பாஸ் ட்ரெபிள் போர்டு, எல்லாம் தனித்தனி ஒயராக அந்தப் போல்ட்டில் லக்கு, அதாவது உலோக வளைய முனை, போட்டு வந்து சேர வேண்டும். ஒன்றின் தோளில் இன்னொன்று ஏறக் கூடாது. இந்தப் போல்ட் மரத்தில் நிற்கலாம், தகரத்தைத் தொடக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இதை மாற்றியதுமே கரகரப்பு சுத்தமாகப் போய்விட்டது.

அடுத்தது பெட்டியின் உள்சுவருக்குத் தகரம். முதலில் எல்லோருக்கும் தோன்றுவது சமையலறை அலுமினியம் ஃபாயில். ஃபெவிகால் தடவி உள்பக்கம் முழுக்க ஒட்டிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது, பிரயோஜனம் பாதிதான். ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு ஒட்டும்போது நடுவில் பசை நின்றுவிடுகிறது. மீட்டர் வைத்தால் துண்டுக்குத் துண்டு தொடர்பே இல்லை. சாதாரண ஈயம் அதில் பிடிக்காது. காப்பர் டேப்பும் அப்படித்தான், பல டேப்புகளின் பசை கரண்டைக் கடத்தாது. ஆனால் செம்பில் ஈயம் பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு சேர்ப்பிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டால் சரியாகிவிடும். விலைதான் கொஞ்சம் கடி. கடைசியில் கைகொடுத்தது 15 கிலோ எண்ணெய் டின். மண்டித் தெருவில் காலி டின் 40 ரூபாய். அது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு, அதனால் ஈயம் வெண்ணெய் போல ஒட்டும். இரும்பு என்பதால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையும் ஓரளவு இழுத்துக்கொள்ளும். அலுமினியமும் மெல்லிய செம்பும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை ஒன்றும் செய்யாது, மின்புலத்தை மட்டும்தான் தடுக்கும். டின்னை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவி, கத்தரியால் வெட்டி, ஓரங்களை மடித்துத் தட்டி, அடி, பக்கங்கள், மூடி எல்லாவற்றுக்கும் உள்ளே பதித்து, ஒவ்வொரு துண்டையும் அடுத்ததோடு ஈயத்தால் சேர்த்தேன். மூடிக்கு மட்டும் ஒரு வளையும் ஒயர். காற்றோட்ட ஓட்டைகளை அடைக்காமல் அதே இடத்தில் தகரத்திலும் துளை போட்டேன். கைக்குக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த ஓரம் பிளேடு மாதிரி.

முன்பக்கத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. தேக்குப் பலகை அரை அங்குலம். வால்யூம் கன்ட்ரோலின் மரை அந்தக் கனத்தைத் தாண்டி வெளியே வராது, நட்டுப் போட முடியாது. ஆச்சாரியிடம் சொல்லி உள்பக்கம் ஒரு பள்ளம் குடைந்து, அதில் அலுமினியத் தகடு ஒன்று பதித்து, எல்லாக் கன்ட்ரோலையும் அந்தத் தகட்டில் இறுக்கினேன். தகட்டை ஸ்க்ரூவும் வாஷரும் வைத்துத் தகரத்தோடு சேர்த்தாயிற்று. கன்ட்ரோல்களின் உடம்பு ஒரே அடியில் கிரவுண்டானது, தண்டைத் தொட்டால் சத்தம் மாறுவதும் நின்றது. பாலீஷ் போட்ட பிறகு குடையச் சொன்னதில் ஆச்சாரிக்குக் கொஞ்சம் வருத்தம். பெட்டிக்கு அளவு கொடுக்கும்போதே இந்தப் பள்ளத்தையும், தகரம் போகும் அளவுக்கு உள் இடத்தையும் சொல்லிவிடுங்கள்.

டோராய்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, தகரம் அடித்த மரப் பெட்டியில் இது நிச்சயம் காத்திருக்கிறது. டோராய்டின் நடுவே போகும் போல்ட்டின் அடி தகரத்தில் இருக்கும். அதன் தலை மூடியின் தகரத்தையும் தொட்டுவிட்டால், போல்ட், மூடி, பக்கம், அடி எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி ஒரு முழுச் சுற்று ஆகிவிடும். ஷார்ட்டான ஒரு சுற்று! டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். என் வழக்கம், எதையும் முதலில் 100 வாட் குண்டு பல்பு வைத்த சீரியஸ் லாம்ப்பில்தான் ஆன் செய்வேன். கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் உள்ளே போகும், ஷார்ட் இருந்தால் பல்பு எரிந்து காட்டிவிடும். மூடியை அழுத்தி வைத்ததும் பல்பு பளீரென்று எரிந்தது, உடனே ஆஃப் செய்தேன். போல்ட்டை அறுத்துக் குட்டையாக்கி, மேலே தடித்த ரப்பர் வைத்த பிறகே பல்பு அணைந்தது. சீரியஸ் லாம்ப் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

சாதா டிரான்ஸ்ஃபார்மரே போதுமா என்று கேட்டால், போதும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையதையே எடுத்து, பாஸ் ட்ரெபிள் போர்டுக்கு எதிர் மூலையில் வைத்து, ஒயரை நீளமாக விட்டு, மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் சத்தம் ஏறுகிறது, அங்கிருந்து கால் வட்டம் திருப்பினால் இறங்குகிறது. காந்தப்புலம் தூரம் கூடக் கூட வேகமாகக் குறையும், அதனால் நாலு அங்குலத்தை எட்டாக்கினாலே பெரிய வித்தியாசம். ஏசி ஒயர்களை முறுக்கி, சிக்னல் ஒயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. 3,200 ரூபாய்க்குக் கிடைத்ததில் பாதியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் இலவசமாகப் பெற்றிருக்கலாம்.

பெட்டிக்குள் சரியாகிவிட்டது, ஆனால் சுவரில் உள்ள எர்த் நல்ல எர்த்தா? இதை நான் யோசிக்கவே காரணம் இல்லாமல் இருந்தது. மே மாதம், வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நாட்களில் மட்டும் ஹம்மிங் திரும்பத் தலைகாட்டியது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால்தான் நிம்மதி. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பைப் போட்டுக் காட்டினார், மங்கலாக மினுங்கியது. கசிவு கண்டதும் கரண்டை வெட்டும் ஆர்சிசிபி உள்ள வீட்டில் இந்தச் சோதனை செய்தால் அது டிரிப்பாகிவிடும், எப்படியும் இது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. “நம்ம ஊரு பாறை பூமி தம்பி, கோடையில குழி காஞ்சிடும், யாரு தண்ணி ஊத்துறா?” என்றார். பழைய குழியைத் தோண்டி, துருப்பிடித்த கிளாம்பை மாற்றி, கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, தண்ணீர் ஊற்றப் புனல் வைத்தார். கூலியோடு 1,800 ஆனது. இந்தச் செலவில் எனக்கு வருத்தமே இல்லை, ஆம்ப்ளிஃபயருக்காகச் செய்தது வாஷிங் மெஷினுக்கும் ஹீட்டருக்கும் சேர்த்து நல்லதாகப் போயிற்று. வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் சித்திரை பிறக்கும்போதே ஒரு குடம் தண்ணீரை எர்த் குழியில் ஊற்றிவிடுங்கள்.

மிச்சம் இருந்தது டிடிஎச் ஒயரைச் செருகினால் மட்டும் வரும் ஹம்மிங். மொட்டை மாடியில் டிஷ் நிற்கும் கம்பி ஒரு பக்கம் தரையோடு தொடர்பு, ஆம்ப்ளிஃபயரின் எர்த் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே ஆடியோ ஒயர் வழியாக ஒரு வளையம். பச்சை ஒயரை வெட்டச் சொன்னவர் சொன்ன எர்த் லூப் இதுதான், நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், வைத்தியம்தான் விபரீதம். சரியான வைத்தியம் பித்தளை போல்ட்டைத் தனியாக வைக்கச் சொன்னேனே, அங்கே இருக்கிறது. தகரம், ஹீட் சிங்க், டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு, கன்ட்ரோல் தகடு எல்லாம் பச்சை ஒயரோடு நேரடியாக, இறுக்கமாகச் சேர வேண்டும், அதில் சமரசம் கிடையாது. ஆடியோ கிரவுண்டான பித்தளை போல்ட்டை மட்டும் 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக எர்த்தில் சேர்க்க வேண்டும். அதன் குறுக்கே 35 ஆம்பியர் பிரிட்ஜ் ஒன்று. பிரிட்ஜின் பிளஸ் மைனஸ் கால்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, இரண்டு ஏசி கால்களில் ஒன்றைப் போல்ட்டுக்கும் மற்றதை எர்த்துக்கும் கொடுங்கள். கூடவே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். சின்ன வோல்டேஜில் லூப் ஓட்டம் 10 ஓமில் அடங்கிவிடும். பெரிய பழுது வந்தால் பிரிட்ஜ் வழி திறந்து ஃபியூஸ் போகும். ஆர்சிஏ சாக்கெட் தகரத்தைத் தொட்டால் இத்தனையும் வீண், அதனால் சாக்கெட் வரும் இடத்தில் தகரத்தை அகலமாக வெட்டி, சாக்கெட்டை மரத்திலேயே மாட்டுங்கள். மரம் தானே காப்பாக நிற்கும்.

புளூடூத் கிட் கடைசியாக வம்பு செய்தது. போன் இணைந்ததும் ‘கிர்ர்’ என்று ஒரு மெல்லிய சத்தம். பவர் கிரவுண்டும் ஆடியோ கிரவுண்டும் கிட்டுக்குள் ஒன்றாக இருப்பதால் உள்ளுக்குள்ளேயே இன்னொரு லூப். அதற்கு மட்டும் தனியாக 0-9 வோல்ட் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும், 5 வோல்ட் கொடுக்கும் 7805 ஐசியும் வைத்ததும் அடங்கியது. கிட்டைத் தகரத்துக்குப் பின்னால் வைத்துவிடாதீர்கள், அதன் ஆன்டெனா அந்தப் போர்டிலேயே அச்சாகி இருக்கிறது. தகரம் மூடினால் பக்கத்து அறைக்குப் போனதும் பாட்டு அறுந்துவிடும். அலுமினியத் தகட்டுக்கு முன்னால், மரத்தை மட்டும் ஒட்டி நிற்கும்படி வைத்தேன், இப்போது மாடிப்படி வரைக்கும் கேட்கிறது.